பதினேழாவது கேள்வி

என் அண்ணன் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. பள்ளிக்கூட நாட்களில் என் மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாக அவன்தான் கையெழுத்துப் போடுவான். கணக்கில் நான் தேறினேனா இல்லையா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அப்போது அது எனக்கு வசதியாக இருந்தது. பெரிய எழுத்து, அடியில் ஒரு கோடு, கோட்டின் முடிவில் அழுத்திக் குத்திய ஒரு புள்ளி. அந்தக் கையெழுத்துத்தான் என் அம்மாவைக் கொன்றது. கோபத்தில் சொல்கிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். கோபத்தில்தான் சொல்கிறேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை உண்டு. நான் அதைச் சம்பளத்துக்குச் செய்கிறேன். தேர்தல் வந்தால் எங்கள் செய்தித் தளம் இணையத்தில் ஒரு வினாத்தாள் வெளியிடும். முப்பது வாசகங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முழுதாக ஏற்கிறேன்' என்பதிலிருந்து 'முழுதாக எதிர்க்கிறேன்' வரை ஐந்து பொத்தான்கள். அதே முப்பதுக்கும் கட்சிகள் முன்பே பதில் எழுதி அனுப்பியிருக்கும். கடைசியில், உங்கள் கருத்து எந்தக் கட்சியோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று திரை காட்டும். மாமனாரும் மருமகனும் ஒரே கட்சி என்று தெரிந்து இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்ட வீடுகள் உண்டு.

இந்த வேலைக்குச் சில விதிகள் இருக்கின்றன. ஒரு கேள்வி ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்க வேண்டும். 'ரயில் கட்டணத்தைக் குறைத்து சாலைகளை அகலப்படுத்த வேண்டும்' என்று எழுதினால், ரயில் வேண்டும் சாலை வேண்டாம் என்பவர் எந்தப் பொத்தானை அழுத்துவார்? இரண்டை ஒன்றாகக் கட்டி நீட்டுகிறவன் நம் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். இன்னொன்று, எல்லாக் கட்சிகளும் ஒரே பதிலைச் சொன்னால் அந்தக் கேள்வி குப்பைக்குப் போகும். எல்லோரும் தலையாட்டுகிற கேள்வியை வைத்து யாரை யாரிடமிருந்து பிரிப்பது?

மூன்றாவது விதிக்கு நான் சண்டை போட்டேன். எங்கள் நிரல் எழுதுகிறவர், அலுவலகம் முழுக்க சோடாபுட்டி என்று கூப்பிடும் கண்ணாடிக்காரர், 'தவிர்க்கிறேன்' என்ற ஆறாவது பொத்தானை எடுத்துவிடச் சொன்னார்.

"அதான் நடுவுல ஒரு பொத்தான் இருக்கே. தெரியலேன்னா அதை அழுத்தட்டும்."

"நடுநிலைங்கிறது ஒரு பதில் சார். தவிர்க்கிறது பதிலே இல்ல. ஒருத்தருக்குச் சொல்ல வேண்டாம்னு தோணினா, சொல்லாம இருக்க உரிமை இருக்கணும்."

"சொல்லாம விட்டா கேள்வி என்னாகும்?"

"அப்படியே நிக்கும்," என்றேன். பொத்தான் தங்கியது.

இனி அம்மாவின் கதை. அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் டயாலிசிஸ். எங்கள் ஊர் நகராட்சி ஆஸ்பத்திரியின் பின்கட்டில் அதற்கு ஒரு பிரிவு இருந்தது. நான்கு எந்திரங்கள், பச்சைத் திரைச்சீலைகள், அம்மாவின் பெயரைச் சுருக்கிக் கூப்பிடும் ஒரு தலைமை நர்ஸ். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அம்மா போகும்போது பக்கத்துப் படுக்கைத் தபால்காரருக்குச் செய்தித்தாள் வாங்கிக்கொண்டு போவாள். இருவரும் நாலு மணி நேரமும் சண்டை போடுவார்கள். அது அவளுக்கு ஒரு பொழுது.

ஒரு நாள் கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள். மாதக் கடைசியோடு பிரிவு மூடப்படும், நோயாளிகள் தலைநகர் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தொண்ணூறு கிலோமீட்டர்.

அப்போது என் அண்ணன் நகராட்சியில் சுகாதாரக் குழுத் தலைவர். அன்றே போன் போட்டேன். "நான் பார்த்துக்கறேன், நீ டென்ஷன் ஆகாதே," என்றான். இரண்டு கடிதம் மின்னஞ்சலில் போட்டேன். பிரிவு மூடிய வாரத்தில் தலைமை நர்ஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு நகலைக் கையில் வைத்தார். சுகாதாரக் குழுவின் தீர்மானம், பதினொரு அம்சங்கள். ஏழாவது அம்சம், பன்னிரண்டு பேருக்குக் குறைவாக நோயாளிகள் வரும் மூன்று சிகிச்சைப் பிரிவுகளை மூடுவது. கீழே பெரிய எழுத்து, ஒரு கோடு, ஒரு புள்ளி.

மூன்றாவது கடிதத்தில் அந்த நகலையே இணைத்தேன். 'அண்ணா, இதில் கையெழுத்துப் போட்டது நீதான். உன்னால்தான் இதைத் திருப்ப முடியும். ஏழாவது அம்சத்தைப் படி' என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. 'படிச்சேன்மா. மேலிடத்துல பேசிட்டிருக்கேன்.'

அவன் படிக்கவில்லை. படித்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கவே மாட்டான். பல்லை நறநறவென்று கடித்தேன். அதற்குமேல் ஒரு வரிகூட எழுதவில்லை. அது என் பிடிவாதம், ஒத்துக்கொள்கிறேன். கெஞ்சிக் கேட்டும் படிக்காதவனை, ஒருநாள் நாலு பேர் முன்னால் படிக்க வைக்கிறேன் என்று அப்போதே மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

எட்டு மாதம் நான்தான் கார் ஓட்டினேன். காலை ஐந்தரைக்குக் கிளம்புவோம். திரும்பி வரும்போது அம்மா வாந்தி எடுப்பாள், பிளாஸ்டிக் வாளியை மடியில் வைத்துக்கொண்டு, அதற்காக என்னிடம் மன்னிப்பும் கேட்பாள். அவளிடம் நான் ஒரே ஒரு பொய் சொல்லி வைத்திருந்தேன். எந்திரங்கள் பழுது, புதுசு வரும்வரை இப்படித்தான் என்று.

"அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேல்ல? அவன் சரி பண்ணிடுவான்," என்பாள். ஒவ்வொரு பயணத்திலும், அதே பெட்ரோல் பங்க் தாண்டும்போது.

"சொல்லியிருக்கேம்மா."

"அவனுக்கு ஆயிரம் வேலை. அதுக்கு நடுவுலயும் நம்மளைப் பார்ப்பான் பாரு."

நான் வண்டியை ஓட்டுவேன். அம்மாவுக்கு மிச்சம் இருந்த பெருமையெல்லாம் அவன்தான். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பாலத்தில் லாரி கவிழ்ந்தது. ஐந்து மணி நேரம் வெயிலில் நின்றோம். அங்கே போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முறை வேறு ஒருவருக்குப் போயிருந்தது. வியாழன் காலை வரச் சொன்னார்கள். வியாழன் காலை ஐந்து மணிக்கு எழுப்பப் போனேன். கை சில்லென்று இருந்தது. காலில் ஷூவை மாட்டியபடியே படுத்திருந்தாள், எனக்குக் காலையில் நேரம் மிச்சமாகட்டும் என்று.

ஒரு வருடம் கழிந்தது. அண்ணன் எங்கள் தொகுதி வேட்பாளர் ஆனான். முதல் கூட்டத்துக்கு நானும் போனேன், பின்வரிசையில். மேடையில் அம்மாவின் படத்தை ஆளுயரத்துக்கு வைத்திருந்தார்கள்.

"எங்கம்மா ரோட்டுல போற வழியிலயே உயிரை விட்டாங்க! பக்கத்துல ஒரு சிகிச்சைப் பிரிவு இருந்திருந்தா இன்னிக்கு இங்க உட்கார்ந்திருப்பாங்க! எந்த ஊர்லயும் எந்தத் தாய்க்கும் இந்த நிலைமை வர விடமாட்டேன்!"

கூட்டம் கண்ணைத் துடைத்தது. அவனும் துடைத்தான். அம்மா ரோட்டில் சாகவில்லை, என் வீட்டில், என் கட்டிலில் செத்தாள். அதைக்கூட அவன் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை அலுவலகம் போய் உட்கார்ந்ததும் ஒரே மூச்சில் எழுதினேன்.

'ஒரு சிகிச்சைப் பிரிவுக்கு மிகக் குறைந்த நோயாளிகளே வந்தாலும், அதை அந்த ஊரிலேயே அரசு தொடர்ந்து நடத்த வேண்டும்.'

எங்கள் செய்தித் தளத்தின் ஆசிரியர் அம்மா அறுபது வயதுக்காரர். பென்சிலைக் காதில் செருகியபடி அதை மூன்று தடவை படித்தார். என் அண்ணன் வேட்பாளர் என்பதை முதல் நாளே அவரிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதனால் கட்சிகளின் பதில்களைத் தொட எனக்கு அனுமதி இல்லை. கேள்வி எழுதுவதோடு என் வேலை முடிந்தது.

"இது எல்லாருக்குமான கேள்வியா, உங்கண்ணனுக்கான கேள்வியா?"

"ரெண்டும்தான்."

"பொய் சொல்லாம இருந்தியே, அதுவரைக்கும் சரி." பென்சிலால் பதினேழு என்று எண் போட்டார். "ஆனா விதி விதிதான். எல்லாரும் ஒரே பதில் சொல்லிட்டா தூக்கிடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது."

அங்கேதான் எனக்கு ஆபத்து இருந்தது. எங்கள் தொகுதியில் நான்கு கட்சிகள். மூன்று கட்சிகள் ஒரே வாரத்தில் பதில் அனுப்பிவிட்டன. பதினேழாவதுக்கு மூன்றுமே 'ஏற்கிறோம்'. அண்ணன் கட்சியும் அவன் மேடையில் கத்துவதையே எழுதி அனுப்பினால், என் கேள்வி குப்பைக்கூடைக்குப் போகும். அம்மாவின் படமும் அவன் கண்ணீரும் மட்டும் மேடை மேடையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்பது நாள் காத்திருந்தேன். பசி, தூக்கம் எல்லாம் அந்தப் படிவத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டன.

பத்தாம் நாள், அண்ணன் கட்சியின் படிவமும் வந்துவிட்டது என்று காதில் விழுந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சோடாபுட்டி கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் வைத்திருப்பார். அலுவலகத்தில் அது ஊரறிந்த ரகசியம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். 'ஏற்கிறோம்' என்றிருப்பதை 'எதிர்க்கிறோம்' ஆக்க இரண்டு நொடி. பதினான்கு வருட வேலையில் ஒரு புள்ளிவிவரத்தைக்கூட நான் திருத்தியதில்லை. ஆனாலும் கை தட்டத்தான் போனது.

பதில் முந்தின நாளே பதிவாகியிருந்தது. அண்ணன் கட்சி, பதினேழாவது வரிசை: 'முழுதாக எதிர்க்கிறோம்.'

படிவத்தின் படத்தைத் திறந்தேன். கட்சித் தலைமை அலுவலகத்தில் எவரோ கொள்கை அறிக்கையைப் பார்த்து அச்சடித்தாற்போல நிரப்பியிருந்தார்கள். எங்கள் விதிப்படி ஒவ்வொரு பக்கத்திலும் தொகுதி வேட்பாளர் கையெழுத்திட வேண்டும். ஆறு பக்கம், ஆறு கையெழுத்து, ஆறு கோடு, ஆறு புள்ளி. பக்கத்திலேயே ஆதாரம் என்ற கட்டம். பதில்களைச் சரிபார்க்கும் இரண்டு பேர், ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்காமல், ஒரே ஆவணத்தைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சுகாதாரக் குழுத் தீர்மானம், ஏழாவது அம்சம்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்குப் பாவம் செய்யக்கூட வேலை வைக்கவில்லை என் அண்ணன். சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

மாலையில் ஆசிரியர் அம்மாவிடம் ஒரு யோசனை சொன்னேன். வினாத்தாளை வெளியிடும் நாளில் வேட்பாளர்களையே மேடைக்கு அழைத்து, எல்லோர் கண் முன்னாலும் பதில் சொல்ல வைக்கலாமே என்று. அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "பதிலெல்லாம் அவங்கவங்க கட்சி கொடுத்தது. படிச்சிருந்தா பயம் எதுக்கு?" என்றேன். "நியாயம்தான்," என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அண்ணன் உடனே ஒத்துக்கொண்டான். எனக்கே போன் போட்டான். "ஏய் கேள்விக்குறி! உங்க ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்க. நம்ம வீட்டு விசேஷம் மாதிரி ஜமாய்ச்சிடலாம்." சின்ன வயதில் ஓயாமல் கேள்வி கேட்பேன் என்று அவன் வைத்த பெயர் அது. "கேள்வியெல்லாம் முன்னாடியே பார்க்கணும்னா அனுப்பறேண்ணா," என்றேன். உண்மையாகவே கடைசி வாய்ப்பு கொடுத்தேன். "எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? மனசுல இருக்கறதைச் சொல்லிட்டுப் போறேன்."

நகர நூலகத்தின் அரங்கம், சனிக்கிழமை காலை. முந்நூறு நாற்காலிகளும் நிரம்பி ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். நான்கு வேட்பாளர்கள், நான்கு தொடுதிரைகள், பின்னால் ஒரு பெரிய திரை, நேரலை. நான் பக்கவாட்டுக் கதவோரம் நின்றேன். அண்ணி முதல் வரிசையில் இருந்து எனக்குக் கை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

பதினேழாவது கேள்வி வந்தபோது அண்ணன் மற்றவர்களைப் போலச் சும்மா அழுத்தவில்லை. ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். "இந்தக் கேள்விக்கு என் பதில் என் அம்மா!" என்றான். 'முழுதாக ஏற்கிறேன்' அழுத்தினான். 'இது எனக்கு மிக முக்கியம்' என்ற நட்சத்திரத்தையும் அழுத்தினான். கைதட்டல் எழுந்தது. என் நகம் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

முடிவுகள் வந்தன. எதிர்க்கட்சி வேட்பாளரான பள்ளி ஆசிரியைக்கு அவர் கட்சியோடு எண்பத்தெட்டு சதவீதம். இன்னும் இருவருக்கு எழுபதுக்கு மேல். கடைசியாக அண்ணன். பள்ளி ஆசிரியையின் கட்சியோடு எழுபத்தொன்பது, தன் சொந்தக் கட்சியோடு முப்பத்தாறு.

முதலில் ஒரு ஆள் சிரித்தார். அப்புறம் அரங்கமே சிரித்தது. பள்ளி ஆசிரியை எழுந்து கையை நீட்டி, "வாங்க சார், நம்ம கட்சியில ஒரு இடம் காலியா இருக்கு," என்றார். அண்ணனின் முகம் கன்றிப்போயிற்று.

"இது மோசடி! யாரோ உள்ள உட்கார்ந்து கை வெச்சிருக்காங்க!"

ஆசிரியர் அம்மா நிதானமாக ஒலிவாங்கியை எடுத்தார். "உங்க கட்சி கொடுத்த படிவம் இதோ திரையில இருக்கு சார். கையெழுத்து உங்களோடதா?"

ஆறு புள்ளிகள், ஆளுயரத்துக்கு.

"எந்தக் கேள்வியில சந்தேகம்? நீங்க நட்சத்திரம் போட்டதையே பார்க்கலாமே. கட்சியோட பதிலையும் ஆதாரத்தையும் சத்தமா வாசிங்க."

அவன் வாசித்தான். நான் ஒன்றே முக்கால் வருடம் காத்திருந்தது அந்தக் குரலுக்குத்தான். "கட்சியின் பதில், முழுதாக எதிர்க்கிறோம். ஆதாரம், நகராட்சி சுகாதாரக் குழுத் தீர்மானம், ஏழாவது அம்சம். கீழ்க்கண்ட மூன்று சிகிச்சைப் பிரிவுகள் மூடப்படுகின்றன. ஒன்று..." அங்கே எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது. பிரிவின் பெயர் இருந்தது. அதைப் பாதியில் நிறுத்தினான். "ஒப்பம், குழுத் தலைவர்" என்பதை அவன் வாசிக்கவில்லை. திரையில் எல்லோரும் வாசித்துக்கொண்டார்கள்.

சிரிப்பு அடங்கிவிட்டது. சுவரோரம் நின்ற ஒரு மனிதர், நான் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டேன், அம்மாவின் பக்கத்துப் படுக்கைத் தபால்காரர், நெருப்புக்கோழிக் கழுத்தை நீட்டி உரக்கக் கேட்டார். "ஏம்ப்பா, அப்ப பூட்டுப் போட்டது நீயா?"

எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன், நெஞ்சு நிறைய இனித்தது.

அரங்கத்தின் பின்புறம் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு அண்ணன் தனியாக வந்தான். என் காரில் சாய்ந்து நின்றேன், எட்டு மாதம் அம்மாவை ஏற்றிப்போன அதே கார்.

"அந்தக் கேள்வியை எழுதினது நீதானே?"

"ஆமா."

"கூடப் பொறந்தவன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"மூணு தடவை சொன்னேன். போனைத் திற. மின்னஞ்சல்ல என் பேரைப் போட்டுத் தேடு."

தேடினான். மூன்றாவது கடிதத்தை வெயிலில் நின்றபடி, உதடு அசைய அசைய, கடைசி வரி வரை படித்தான். அவன் எதையாவது முழுதாகப் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குக் கீழே அவனுடைய பதில். 'படிச்சேன்மா.' அதையும் படித்தான். போனைப் பையில் போட இரண்டு தடவை முயன்று, மூன்றாவது தடவை போட்டான்.

"நாப்பது தாள் வரும் ஒரு நாளைக்கு," என்றான். அவனுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது. சின்னக் குரலில் கேட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா? அது என் கையெழுத்துன்னு?"

தெரியாது. 'அவன் சரி பண்ணிடுவான்' என்றுதான் செவ்வாய்க்கிழமை பாலத்தில் நிற்கும்போதும் சொன்னாள். 'தெரியாதுண்ணா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்திருப்பான். இரக்கம் வரவில்லையா என்றால், வந்தது. தொண்டை வரை வந்தது. 'தெரியும்' என்று பொய் சொல்லவும் நாக்கு துடித்தது. இரண்டையும் விழுங்கினேன். காரைத் திறந்து உட்கார்ந்து கிளப்பினேன். கண்ணாடியில் அவன் கையைத் தூக்கியபடி நின்றது தெரிந்தது.

தேர்தலில் அவன் தோற்றான். கட்சி அவனைக் கைகழுவியது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலையில் என் போனுக்கு அவனிடமிருந்து ஒரே செய்தி வருகிறது. 'அம்மாவுக்குத் தெரியுமா?' ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்கிற கேள்வி. சுற்றி வளைக்காதது, ஒரு சொல்லை எடுக்கவும் சேர்க்கவும் முடியாதது. நான் எழுதியிருந்தாலும் அப்படியேதான் எழுதியிருப்பேன்.

நான் படித்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிகிறது. பதில் போடுவதில்லை.